கரு நம்முடையது, கருப்பை அவருடையது

கருப்பை இல்லாமலே பிறக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய 5,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. எம்.ஆர்.கே.எச். என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் பிறவிக் குறைபாடு இது. பதினாறு வயதாகியும் மகள் வயசுக்கு வரவில்லையே என்று அம்மா பதறி, ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் வெளியே தெரியும். அதே ஸ்கேனில் இன்னொன்றும் தெரியும். சினைப்பைகள் இரண்டும் பெரும்பாலானோருக்கு நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும். மாதாமாதம் முட்டை முதிர்கிறது, ஹார்மோன் சுரக்கிறது. அந்த முட்டை கருவானால் போய்த் தங்க இடம்தான் கிடையாது.

முட்டை உண்டு, இடம் இல்லை என்ற நிலைக்கு வேறு வழிகளிலும் வந்து சேரலாம். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுத்தவர்கள் உண்டு. காசநோய் கருப்பையின் உள்சவ்வை அரித்து, சுவரோடு சுவர் ஒட்டிப்போனவர்கள் நம் நாட்டில் கணிசம். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, கர்ப்பம் தரித்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லப்பட்டவர்களும் இருக்கிறார்கள். வாடகைத் தாய் முறை இவர்களுக்கானது. உடம்பு பருத்துவிடும், வேலை கெட்டுவிடும் என்று இதைத் தேடுகிறார்கள் என்ற பேச்சு சினிமாக் கிசுகிசுவோடு ஒட்டி வந்தது. அந்தக் காரணத்துக்கு இந்தியாவில் இன்றைக்கு யாருக்கும் அனுமதி கிடைக்காது.

அறிவியல்படி பார்த்தால் கதவு திறந்தது 1978ல், முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தபோது. கரு உடலுக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் உருவாகிவிட்டது என்றால், அதை எந்தக் கருப்பைக்குள் வைப்பது என்பது மருத்துவக் கைத்திறனைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. 1985ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவர்கள் கருப்பை இழந்த ஒரு பெண்ணின் கருவை இன்னொரு பெண்ணின் வயிற்றில் வளர்ப்பதை மருத்துவ இதழில் அறிவித்தார்கள். 1987ல் தென்னாப்பிரிக்காவில் பாட் ஆன்டனி என்ற 48 வயதுப் பெண்மணி தன் மகளின் மூன்று குழந்தைகளை ஒரே பிரசவத்தில் பெற்றுக் கொடுத்தார். பாட்டியே பெற்றெடுத்த பேரப்பிள்ளைகள். 2004ல் குஜராத்தின் ஆனந்த் நகரிலும் ஒரு பாட்டி, இங்கிலாந்தில் வாழும் மகளுக்காக இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தார். அதற்குப் பிறகு ஆனந்துக்கு வெளிநாட்டினர் வரிசையில் நின்றார்கள். 2008ல் ஜப்பானியத் தம்பதி ஒன்று குழந்தை பிறக்குமுன்பே விவாகரத்து செய்துகொள்ள, மாஞ்சி என்ற அந்தப் பச்சிளங்குழந்தை எந்த நாட்டுக்காரி என்றே தெரியாமல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015ல் வெளிநாட்டினருக்குத் தடை. 2021ல் வாடகைத் தாய் முறை ஒழுங்குமுறைச் சட்டம். 2022 ஜனவரி 25 முதல் அமல்.

ஆகவே இந்த வழியில் இறங்கும் தம்பதி முதலில் எதிர்பார்க்க வேண்டியது ஊசியை அல்ல, காகிதத்தை.

திருமணமான இந்தியத் தம்பதியாக இருக்க வேண்டும். மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55 வயது. ஏற்கெனவே பெற்றதோ தத்தெடுத்ததோ உயிரோடு ஒரு பிள்ளை இருந்தால் கிடையாது; அந்தப் பிள்ளைக்குக் கடும் நோயோ உடல், மனக் குறைபாடோ இருந்தால் மட்டும் விலக்கு. கணவனை இழந்தவரோ விவாகரத்தானவரோ என்றால் 35 முதல் 45 வயதுக்குள் தனியாக விண்ணப்பிக்கலாம். திருமணமே ஆகாத பெண்ணுக்கும், தனியாக வாழும் ஆணுக்கும், ஒருபாலினத் தம்பதிக்கும் இடமில்லை. கருப்பை இல்லாத பெண்ணின் உடல்நிலை தாலி ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒன்றுதானே என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

மாவட்ட மருத்துவ வாரியம் உங்கள் மருத்துவக் காரணத்தை ஏற்றுச் சான்று தர வேண்டும். பிறகு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய், பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார், யாரிடம் ஒப்படைப்பது என்ற உத்தரவை முன்கூட்டியே வாங்க வேண்டும். குழந்தை பிறந்த பின் பிறப்புப் பதிவுக்கு அந்த உத்தரவுதான் ஆதாரம். சுமக்கும் பெண்ணின் பெயரில் 36 மாதத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். இவற்றோடு தம்பதிக்கான தகுதிச் சான்று, அவருக்கான தகுதிச் சான்று. மருத்துவமனையும் இதற்கெனப் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் கோப்பு நகர மாதக் கணக்கில் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது. 2022 அக்டோபரில் நடிகை நயன்தாரா, இயக்குநர் விக்னேஷ் சிவன் தம்பதிக்கு வாடகைத் தாய் மூலம் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது டீக்கடை வரை இந்தச் சட்டம் பேசப்பட்டது. தமிழக அரசு விசாரித்து, தம்பதி விதிகளை மீறவில்லை என்று அறிக்கை தந்தது. அவர்களுடைய ஒப்பந்தம் 2021 நவம்பரிலேயே, சட்டம் அமலுக்கு வருமுன் போடப்பட்டிருந்தது.

சுமக்கப்போவது யார்? 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். திருமணமாகி, சொந்தமாக ஒரு பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இதற்கு முன்வரலாம். கருவை வைக்கும் முயற்சி மூன்றுக்கு மேல் கூடாது. தன் முட்டையைத் தரக்கூடாது என்பதால் மரபணுப்படி அவர் குழந்தையின் தாய் ஆகமாட்டார். பணம் வாங்கக்கூடாது. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் சொன்ன செலவுகள், அவ்வளவுதான். காசு கொடுத்து ஏற்பாடு செய்யும் தம்பதிக்கு முதல் முறையே ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். நடத்தும் மருத்துவமனைக்கும் தரகருக்கும் பத்து ஆண்டு வரை.

ஏழைப் பெண்களின் வயிற்றை வைத்து நடந்த வியாபாரத்தைத் தடுக்கத்தான் இது வந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கூலி இல்லாமல் பத்து மாதம் சுமக்க முன்வருபவர் யார் என்று யோசித்தால், விரல் வீட்டுக்குள்ளேயே திரும்பும். அக்காவுக்காகத் தங்கை, நாத்தனாருக்காக அண்ணி. “உன்னால் ஒரு குடும்பம் விளங்கும்” என்று பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசிய பிறகு, மாட்டேன் என்று சொல்ல எத்தனை மருமகள்களால் முடியும்? சட்டம் உடல்தகுதியோடு மனத்தகுதிச் சான்றும் கேட்கிறது. அவருக்குப் புரியும் மொழியில் எழுத்துபூர்வச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. கரு உள்ளே வைக்கப்படும் வரை அவர் பின்வாங்கலாம் என்றும் சொல்கிறது. அந்த உரிமை அவருக்கு இருக்கிறது என்பதை, மாமியாரோ கணவரோ பக்கத்தில் இல்லாத ஓர் அறையில் ஆலோசகர் அவரிடம் சொல்ல வேண்டும். தம்பதிகளே அப்படி ஒரு சந்திப்பைக் கேட்டு வாங்கலாம்.

இனி முட்டைக் கணக்கு. சுமக்கும் பெண்ணுக்கு வயது முப்பது, ஆரோக்கியமானவர், ஏற்கெனவே சுகப்பிரசவம். எனவே நிச்சயம் தங்கிவிடும் என்று பலர் நம்பி வருகிறார்கள். அப்படியல்ல. கருவின் தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முட்டையின் வயது. நாற்பதைத் தாண்டியவரின் முட்டையில் உருவாகும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறு இருக்கும். அதை முப்பது வயதுக் கருப்பையால் சரிசெய்ய முடியாது.

தாயாகப் போகிறவருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி. கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில், மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். பன்னிரண்டு முட்டை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் முதிர்ந்தவை ஒன்பதோ பத்தோ. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவார்கள்; மறுநாள் காலை லேப்பிலிருந்து போன் வரும்: ஏழு கருவாகியிருக்கிறது. ஐந்தாம் நாள் இன்னொரு போன்: கருப்பையில் வைக்கத் தயாரான பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு வந்தவை மூன்று. இது மோசமான செய்தி அல்ல, வழக்கமான செய்தி. ஆனால் பன்னிரண்டில் தொடங்கியவர் காதில் மூன்று என்பது இடியாக விழும். முன்கூட்டியே இந்தச் சரிவைச் சொல்லிவைக்கும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

முட்டையோ விந்தணுவோ தானமாகப் பெறலாமா என்பதில் விதி இரண்டு முறை புரண்டது. 2023 மார்ச்சில் மத்திய அரசு தானத்தை அடியோடு தடுத்தது. எம்.ஆர்.கே.எச். உள்ள ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிக்கு இடைக்கால விலக்கு தந்தது. 2024 பிப்ரவரியில், மருத்துவ வாரியம் சான்றளித்தால் இருவரில் ஒருவருடையது தானமாக இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். தனியாக விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு இந்தத் தளர்வு இல்லை, அவருடைய முட்டைதான். சட்டம் வருமுன்பே கருவை உறையவைத்துக் காத்திருந்த தம்பதிகளுக்கு வயது வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு வந்தது.

தேறிய கருக்களைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறையவைப்பார்கள். இதற்கிடையே கணவன், மனைவி இருவருக்கும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள் நடக்கும். இன்னொருவர் உடலுக்குள் போகும் பொருள் இது என்பதால் இதில் சமரசம் கிடையாது. ரத்த வகையும் பார்க்க வேண்டும். சுமப்பவர் நெகட்டிவ் வகையாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் அமைந்தால் ஆன்டி-டி ஊசி தேவைப்படும்.

கருப்பையை நிலம் என்று பேசுவது நம் பழைய வழக்கம். நிலம் சும்மா கிடக்கும், விதையை வாங்கிக்கொள்ளும். கருப்பை சும்மா கிடப்பதே இல்லை. ஒரு மாதச் சுழற்சியில் கருவை ஏற்கும் நிலையில் அது இருப்பது சில நாட்கள் மட்டுமே. அந்த நாட்களை மருந்தால் வரவழைக்கிறார்கள். இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. உள்சவ்வு ஏழு மில்லிமீட்டரைத் தாண்டி, ஸ்கேனில் மூன்று கோடாகத் தெரிய வேண்டும். பிறகு புரோஜெஸ்டிரோன். அதைத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கு வைத்து, ஐந்து நாள் வயதான கருவை ஐந்து நாள் புரோஜெஸ்டிரோன் கண்ட கருப்பையில் வைக்கிறார்கள். இந்தக் கணக்கு தவறினால், எவ்வளவு நல்ல கருவாக இருந்தாலும் ஒட்டாமல் போகக்கூடும்.

கருவை வைப்பது சில நிமிட வேலை. மயக்க மருந்து தேவையில்லை. சுமப்பவர் நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். நிரம்பிய சிறுநீர்ப்பை வழியாகத்தான் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரியும். மெல்லிய குழாய் உள்ளே போகும். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னி நிற்கும். தம்பதி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள், அழுவார்கள், போட்டோ எடுப்பார்கள். உண்மையில் அந்தப் புள்ளி கருவோடு சேர்த்து அனுப்பிய காற்றுக் குமிழி. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ இருக்கும் கரு அந்த ஸ்கேனில் தெரியாது. குமிழி எங்கே நிற்கிறதோ அதன் அருகில் கரு இருக்கிறது என்று அனுமானம்தான். குழாயை வெளியே எடுத்ததும் லேப்பில் மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கரு உள்ளேயே சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் “கிளியர்” என்று குரல் வரும்.

அன்றைக்கே டாக்டர் சீட்டில் இரண்டு வாரம் ஐந்து நாள் கர்ப்பம் என்ற கணக்கு தொடங்கிவிடும். பலர் குழம்பிப்போவார்கள். கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது மருத்துவ வழக்கம். முட்டை கருவாவது அதன் இரண்டாம் வார முடிவில். அதோடு கருவின் ஐந்து நாளைச் சேர்த்தால் கணக்கு சரி. பிரசவத் தேதி கருவை வைத்த நாளிலிருந்து 261ஆம் நாள். இயல்பாகத் தரிக்கும் கர்ப்பத்தில் இவ்வளவு துல்லியமாகத் தேதி கணக்கிட முடியாது.

பத்துப் பதினான்கு நாளில் ரத்தப் பரிசோதனை. இளம் முட்டையானாலும் ஒரு முயற்சியில் தங்காமல் போவது சாதாரணம். தங்கினால் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்து, கர்ப்ப ஹார்மோனின் அளவு ஒழுங்காக ஏறுகிறதா என்று கவனிப்பார்கள். ஆறு, ஏழு வாரத்தில் ஸ்கேனில் இதயத் துடிப்பு. விதிப்படி வழக்கமாக ஒரு கருதான் வைக்க வேண்டும். விசேஷக் காரணம் இருந்தால் மூன்று வரை. “ஒரே செலவில் இரட்டையாகக் கிடைக்கட்டுமே டாக்டர்” என்ற கோரிக்கையை இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இரட்டை என்றால் குறைப்பிரசவமும் ரத்த அழுத்தமும் கூடும். அந்த அபாயத்தை ஏற்கும் உடல் கோரிக்கை வைப்பவருடையது அல்ல.

வழக்கமான கர்ப்பத்தில் கரு தாயின் உடலுக்குப் பாதி அந்நியம். பாதி மரபணு தகப்பனுடையது. இங்கே, சுமப்பவர் ரத்த உறவாக இல்லாவிட்டால், முழுவதும் அந்நியம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் எதிர்த்து நிற்கும் நோய் எதிர்ப்பு மண்டலம் இதை ஏன் விட்டுவைக்கிறது? நஞ்சுக்கொடியின் வெளிச் செல்கள், எதிரி என்று காட்டிக்கொடுக்கும் வழக்கமான அடையாளப் புரதங்களை மறைத்துக்கொள்கின்றன; எச்.எல்.ஏ.-ஜி போன்ற அமைதிப்படுத்தும் புரதங்களைக் காட்டுகின்றன. கருப்பையில் உள்ள எதிர்ப்பு செல்களும் தாக்குவதற்குப் பதில் ரத்தக் குழாய்களை விரிக்க உதவுகின்றன. இந்த உடன்பாடு பெரும்பாலும் நிலைக்கிறது. ஆனால் எப்போதும் செலவில்லாமல் அல்ல.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை அலசிய ஆய்வு 2024ல் வெளியானது. கடுமையான உடல்நலச் சிக்கல் இயல்பாகக் கருத்தரித்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கும், தம் கருவைச் செயற்கை முறையில் சுமந்தவர்களில் 4.3 சதவீதம் பேருக்கும், பிறர் கருவைச் சுமந்தவர்களில் 7.8 சதவீதம் பேருக்கும் வந்திருந்தது. அதிக ரத்தப்போக்கு, கர்ப்பகாலத்தில் எகிறும் ரத்த அழுத்தம் ஆகியவை முக்கியமானவை. இவர்கள் ஏற்கெனவே நல்லபடி பெற்றவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். முற்றிலும் அந்நியமான கரு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மருந்தால் தயார் செய்த சுழற்சியில் முட்டை வெடித்த இடத்தில் உருவாகும் சுரப்பி இல்லாமல்போவது இன்னொன்று. அந்தச் சுரப்பி தரும் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்கள் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்துக்கு இசைய உதவுபவை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவருடைய மரபணு குழந்தைக்குப் போகாது; அவருடைய நோய் எதிர்ப்புச் சக்தி போகும். நஞ்சுக்கொடி வழியாகக் கடைசி மாதங்களில் அவர் ரத்தத்தின் ஆன்டிபாடிகள் குழந்தைக்கு வருகின்றன. பிறந்த முதல் மாதங்களில் குழந்தையைக் கக்குவான் இருமலிலிருந்து காப்பது, கர்ப்பத்தில் அவர் போட்டுக்கொண்ட தடுப்பூசி. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. கருவின் செல்கள் சில, சுமந்தவரின் ரத்தத்தில் கலந்து தங்கிவிடுகின்றன. மகனைப் பெற்று 27 ஆண்டு கழிந்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஆண் செல்களின் தடயம் கிடைத்ததாக 1996ல் பதிவானது.

கர்ப்ப மாதங்களில் பெற்றோராகப் போகிறவர்களுக்கு வேலை குறைவு, பதற்றம் அதிகம். ஸ்கேனுக்கு உடன் போகலாம். என்ன சாப்பிட்டாய், ஏன் பஸ்ஸில் போனாய் என்று தினமும் போனில் விசாரிக்கும் உரிமை இல்லை. அவருடைய எழுத்துபூர்வச் சம்மதமும் உரிய அதிகாரியின் அனுமதியும் இல்லாமல் கருக்கலைப்புச் செய்ய முடியாது. ஆணா பெண்ணா என்று கேட்கக்கூடாது என்பது இங்கேயும் அப்படியேதான். சிசேரியனா இல்லையா என்பது அவரும் மருத்துவரும் முடிவு செய்வது. நல்ல நாள், நட்சத்திரம் பார்த்துத் தேதி குறித்துக்கொண்டு வருபவர்களை மருத்துவர்கள் திருப்பி அனுப்ப வேண்டும். குழந்தைக்கு என்ன குறை இருந்தாலும் பெற்றோர் கைவிட முடியாது என்பதையும் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

பிறந்த நொடியிலிருந்து சட்டப்படி அது உங்கள் பிள்ளை. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர்கள்தான். பால் பற்றி முன்பே யோசிக்க வேண்டும். மாதங்களுக்கு முன்பே மருத்துவ மேற்பார்வையில் ஹார்மோன், மருந்து, பம்ப் என்று தொடங்கினால், சுமக்காத தாய்க்கும் ஓரளவு பால் சுரக்கும்; முழுத் தேவைக்கும் போதுவது அரிது. அரசு மருத்துவமனைகளில் உள்ள தாய்ப்பால் வங்கிகள் முதலில் குறைமாதக் குழந்தைகளுக்கு. பவுடர் பால் கொடுப்பதில் குற்ற உணர்வு வேண்டியதில்லை. இந்தப் பக்கம் சுமந்தவருக்கும் மூன்றாம் நாள் பால் கட்டி வலிக்கும். பாலை நிறுத்தும் மாத்திரை தரலாமா என்று முதல் நாளே மருத்துவரிடம் கேட்பதைப் பிரசவ வார்டின் பரபரப்பில் யாரும் மறந்துவிடக்கூடாது.

விடுப்பைப் பொறுத்தவரை, சட்டப்படி கருவுக்குரிய தாய்க்குக் குழந்தை கையில் கிடைத்த நாளிலிருந்து 12 வாரம். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2024 ஜூனில் விதி மாறியது: உயிரோடு இருக்கும் பிள்ளைகள் இரண்டுக்குக் குறைவாக இருந்தால், சுமந்தவர், தாய் இருவருக்கும் 180 நாள் வரை, தந்தைக்கு 15 நாள்.

அந்த 36 மாதக் காப்பீட்டில் கர்ப்பம் போக மிச்சம் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கும். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு பிரதி அவர் கையிலும் இருக்க வேண்டும். ஆறாவது வாரப் பரிசோதனைக்கும், அதற்குப் பின் ஆண்டுக்கொரு முறையாவது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கவும் அவரை அழைத்துப்போக ஆள் வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை போடும் அன்றே, அவருக்கான இந்தத் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.